தொலைவும் புறமும்: தமிழில் கிளைக்குடியிருப்புகளைச் சுட்டும் சொற்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தாய்க்குடியிருப்பிலிருந்து விலகி அமைந்த சிற்றூர்களைக் குறிக்கத் தமிழில் சீறூர், சிறுகுடி, பாடி, பட்டி, பிடாகை, சேரி, உட்கிடை, மஜரா, குக்கிராமம், காலனி எனப் பல சொற்கள் வெவ்வேறு காலங்களில் வழங்கியுள்ளன. இவை ஒரே பொருளைத் தரும் மாற்றுச் சொற்கள் அல்ல. வருவாய்க் கணக்கு, தொலைவில் உள்ள குடியிருப்பை 'உள்' என்று சுட்டியது. சமூக வழக்கு, கூப்பிடு தொலைவில் உள்ள குடியிருப்பைப் 'புறம்' என்று சுட்டியது. இவ்விரு அளவைகளின் முரண், சங்க காலம் முதல் இன்றைய ஊரக வளர்ச்சித் திட்டங்கள் வரை எவ்வாறு தொடர்ந்துள்ளது என்பதை இலக்கிய, கல்வெட்டு, ஆவணச் சான்றுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சீறூர், பிடாகை, தனியூர், சேரி, நத்தம், உட்கிடை, குக்கிராமம், காலனி, குடியிருப்பு

முன்னுரை

தமிழக ஊர்ப்பெயர் ஆய்வு நீண்ட மரபுடையது. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' தொடங்கிப் பல நூல்கள் ஊர்ப்பெயர்களின் பொருளையும் அவற்றில் பொதிந்துள்ள நில இயல்பையும் வரலாற்றையும் விளக்கியுள்ளன. ஆயினும் இவ்வாய்வுகளின் கவனம் பெரிதும் தனி ஊர்களின் பெயர்கள்மீதே இருந்தது. ஓர் ஊரைப் பெரிய ஊர் என்றும் மற்றொன்றை அதன் கிளை என்றும் வகுக்கும் பொதுச்சொற்கள் எவ்வாறு தோன்றின, அவற்றைச் சூட்டியவர் யார், சூட்டப்பட்டவர்க்கு அதனால் நேர்ந்தது என்ன என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை.

பெரிய ஊர் ஒன்றைச் சார்ந்து, அதிலிருந்து இடத்தால் விலகி அமைந்த வாழிடத்தை இக்கட்டுரை 'கிளைக்குடியிருப்பு' என்னும் பொதுப்பெயரால் குறிக்கிறது. கிளைக்குடியிருப்பைச் சுட்டும் சொற்களை மூவகையாகப் பகுக்கலாம். அங்கு வாழ்வோர் தம் தொழிலாலும் இடப்பெயர்வாலும் இட்டுக்கொண்ட பெயர்கள் முதல் வகை. நிலத்தையும் வரியையும் எழுதிய கணக்கர் இட்ட பெயர்கள் இரண்டாம் வகை. பெரிய ஊரில் வாழ்வோர் தம்மிடமிருந்து பிறரை விலக்கி வைக்க வழங்கிய பெயர்கள் மூன்றாம் வகை. ஒரே இடம் ஒரே காலத்தில் இம்மூன்று பெயர்களையும் தாங்கி நிற்றல் உண்டு. எந்தப் பெயர் ஆவணத்தில் ஏறுகிறது என்பதே அவ்விடத்தின் உரிமைகளைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சீறூரும் சிறுகுடியும்: திணைசார் வாழிடங்கள்

அகப்பொருள் இலக்கணம் ஊரையும் கருப்பொருள்களுள் ஒன்றாகக் கொள்கிறது. குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி, மருதத்துக்குப் பேரூரும் மூதூரும், நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும், பாலைக்குக் குறும்பு என்பது மரபு. இப்பகுப்பில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. 'பெரிய', 'முதிய' என்னும் அடைகள் நெல் விளையும் மருதத்துக்கே உரியவை. தினை விளையும் மலைக்கு வாய்த்த அடை 'சிறு' என்பது. வாழிடத்தின் அளவு குறித்த சொல், நிலத்தின் விளைதிறன் குறித்த சொல்லாகவும் அமைந்திருத்தலை இங்குக் காணலாம்.

எனினும் சங்கப் பாடல்களில் 'சிறு' என்னும் அடை இழிவைக் குறிக்கவில்லை. புறநானூற்றில் சீறூரின் தலைவன், வேந்தர்க்கு ஒப்பவைத்துப் பாடப்படுகிறான். அவனிடம் செல்வம் இல்லை. ஆனால் இருப்பதைப் பகிரும் ஈகை உண்டு. பெ. மாதையன் முதலிய ஆய்வாளர் சீறூர் மன்னர், முதுகுடி மன்னர், குறுநில மன்னர், வேந்தர் எனச் சங்ககாலத் தலைமைகளைப் படிநிலைப்படுத்தியுள்ளனர். இப்படிநிலையில் சீறூர் கீழ்ப்படியில் இருப்பினும், அது வேறோர் ஊரின் கிளை அன்று; தனக்கெனத் தலைவனும் மன்றமும் உடைய முழுமையான ஊர். வேந்தரின் பேரூரிலிருந்து அது தொலைவில் இருந்தது. ஆனால் அதற்கு உட்பட்டதாக எப்போதும் இருக்கவில்லை. தொலைவு என்பது உட்படாமைக்கும் இடமளித்த காலம் அது.

புறச்சேரியும் புறஞ்சிறையும்

சங்க இலக்கியத்திலேயே 'புறம்' என்னும் அடையும் தோன்றிவிடுகிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியைப் பன்றிக்குட்டிகளும் கோழிகளும் உறைகிணறுகளும் உடைய இடமாகக் காட்டுகிறது. பட்டினத்தின் மாடங்களைப் பாடிய புலவர் இதனையும் அதே விரிவோடு பாடுகிறார். அக்காட்சியில் வறுமைக் குறிப்பு உண்டு, அருவருப்பு இல்லை.

சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' எனக் காதை ஒன்றே பெயர் பெறுகிறது. மதுரை நகர்க்குள் புகுமுன் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் தங்குமிடம் அது. அறவோர் வாழும் இடமாகவே இளங்கோவடிகள் அதனைச் சித்திரிக்கிறார். அடுத்து, கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுவதும் ஆயர்குல மாதரியிடமே. காப்பியத்தில் கண்ணகிக்குப் பாதுகாப்புக் கிட்டுவது நகரின் புறத்தே. கேடு நிகழ்வது நகரின் உள்ளே. ஆகவே 'புறம்' என்பது தொடக்கத்தில் மதிலை எல்லையாகக் கொண்ட இடக்குறிப்பே. தகுதிக் குறிப்பு அன்று.

'சேரி' என்னும் சொல்லும் அத்தகையதே. 'சேர்' என்னும் வினையடியாகப் பிறந்து, மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருள் தந்தது. இதற்கு உறுதியான கல்வெட்டுச் சான்று உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலை முறைக் கல்வெட்டுகள், அவ்வூரின் 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் பேசுகின்றன. பிரமதேயமான அச்சதுர்வேதிமங்கலத்தில் அந்தணர் வாழ்ந்த தெருப்பகுதிகளே அங்குச் சேரி எனப்பட்டன. வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் சேரியும் ஓர் அலகாக இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் சேரியில் வாழ்தல் ஊர் ஆட்சியில் பங்குபெறும் தகுதியோடு இயைந்து நின்றது என்பது இதனால் பெறப்படும்.

பிடாகையும் தனியூரும்: கணக்கர் வகுத்த இடம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் கிளைக்குடியிருப்பைக் குறிக்கும் சிறப்புச் சொல் 'பிடாகை'. 'இவ்வூர்ப் பிடாகை' என்னும் தொடரால் நிலத்தின் இருப்பிடம் சுட்டப்படுகிறது. பெருநிலப்பரப்புடைய சதுர்வேதிமங்கலங்கள் பலவும் தம்மைச் சுற்றிய சிற்றூர்களைப் பிடாகைகளாகக் கொண்டிருந்தன. நில விற்பனை, கொடை, வரிநீக்கம் ஆகியவற்றை முடிவு செய்தது தாயூரின் சபை. பிடாகை பெரும்பாலும் நிலம் கிடக்கும் இடமாகவே ஆவணத்தில் வருகிறது; முடிவெடுக்கும் அவையாக வருவது அரிது.

பிடாகைக்கு மறுதலையாகத் 'தனியூர்' என்னும் சொல் எழுகிறது. நாட்டுப் பிரிவுக்குள் அடங்காது தனித்து இயங்கிய பெருஊர்கள் தனியூர் எனப்பட்டன. உத்திரமேரூர், பெரும்பற்றப்புலியூர் ஆகிய சிதம்பரம் முதலியவை இவ்வகையின. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அவ்வூரைக் காலியூர்க் கோட்டத்துத் 'தன்கூற்று' எனக் குறிப்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. சோழநாட்டின் நாடு, ஊர் அமைப்பை வரைபடங்களோடு ஆராய்ந்த எ. சுப்பராயலு, இரா. சம்பகலட்சுமி ஆகியோரின் ஆய்வுகள் தனியூர்களின் நிர்வாகத் தகுதியைத் தெளிவாக்கியுள்ளன.

சொற்பொருள் நோக்கில் இங்கொரு தலைகீழ் நிலை உண்டு. இடத்தால் தனித்திருந்தவை பிடாகைகள். 'தனி' என்னும் அடையைப் பெற்றதோ அவற்றை ஆண்ட பெருஊர். வயல்களுக்கும் காடுகளுக்கும் அப்பால் கிடந்த சிற்றூர், கணக்கில் 'இவ்வூர்' என்னும் சொல்லுக்குள் அடங்கியது. தனிமை பெருஊர்க்குச் சலுகையாயிற்று; சிற்றூர்க்குத் தன் பெயரில் பேசும் உரிமை சுருங்கிற்று. தொலைவில் உள்ளதனை உள்ளடக்கும் கணக்குச் சொல்லின் வரலாறு தமிழ் ஆவணங்களில் இங்கிருந்து தெளிவாகத் தொடர்கிறது எனலாம்.

ஊர்நத்தமும் சேரியும்: அருகில் உள்ள புறம்

இதற்கு நேர்மாறான போக்கு அதே காலக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊர்களின் நிலக்கணக்கு, வரி விதிக்கப்படாத பரப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவையும் அக்கணக்குகளில் வெவ்வேறு ஊர்களில் இடம்பெறுகின்றன. சில ஊர்களில் சுடுகாடும் இரண்டாகப் பிரிந்து வெள்ளான் சுடுகாடு, பறைச்சுடுகாடு எனப் பதிவாகியுள்ளது. நொபொரு கராஷிமா முதலியோர் இப்பட்டியல்களைக் கொண்டு சோழர்கால ஊரின் குடியிருப்பு அமைப்பை விளக்கியுள்ளனர்.

இப்பட்டியல்களின் சொல்லமைப்பு ஊன்றிக் காணத்தக்கது. உழுகுடி நிலவுடைமையாளர் வாழ்ந்த பகுதி 'ஊர்நத்தம்' என்று மட்டும் குறிக்கப்படுகிறது. அதற்குச் சாதி அடை இல்லை. ஏனைய பகுதிகள் ஒவ்வொன்றும் சாதி அல்லது தொழில் அடை பெற்றே வருகின்றன. அடை பெறாத இடமே 'ஊர்'. அடை பெற்ற இடம் ஊரின் பிறிது. உத்திரமேரூரில் தெருப்பகுதியைக் குறித்த அதே 'சேரி', ஏறத்தாழ நூறாண்டுகளுக்குள் வேறோர் ஆவணச் சூழலில் விலக்கப்பட்டோர் இருப்பிடத்தையும் குறிக்கிறது. இவ்விரு வழக்குகளும் சிலகாலம் உடன் நிலவின. பின்னர் முதற்பொருள் தேய்ந்து இரண்டாம் பொருள் மட்டும் நிலைத்தது.

சேரி ஊரிலிருந்து தொலைவில் இல்லை. ஊரின் வயலில் உழைப்போர் அங்கு வாழ்ந்ததால் அது தொலைவில் இருத்தல் இயலாது. ஒரு வயல் அல்லது ஒரு வாய்க்கால் இடைவெளியே போதுமானதாக இருந்தது. இவ்வாறு, தொலைவில் இருந்த பிடாகை கணக்கில் உள்ளே கொள்ளப்பட, அருகில் இருந்த சேரி வழக்கில் புறத்தே நிறுத்தப்பட்டது.

பட்டி, வலசை, ஹட்டி, பதி: வாழ்வோர் இட்ட பெயர்கள்

முதல் வகைப் பெயர்கள் இவ்விரு அளவைகளுக்கும் அப்பாற்பட்டவை. 'பட்டி' என்பது ஆடுமாடு அடைக்கும் இடத்தைக் குறித்துப் பின் அதைச் சூழ்ந்த குடியிருப்பைக் குறித்தது. விசயநகர, நாயக்கர் காலங்களில் தென்மாவட்டங்களின் கரிசல், செம்மண் நிலங்களில் தெலுங்கு, கன்னடம் பேசுவோர் உள்ளிட்ட பல குடிகள் குடியேறியபோது 'பட்டி' என முடியும் ஊர்கள் பெருகின. திருநெல்வேலிப் பகுதியின் வேளாண் வரலாற்றை எழுதிய டேவிட் லட்டன், ஆற்றுப்பாசன நன்செய்ப் பகுதிக்கும் மழையை நம்பிய புன்செய்ப் பகுதிக்கும் இடையே சமூக அமைப்பு வேறுபட்டதை விளக்கியுள்ளார். மருதநிலப் பேரூர்க்கும் புன்செய்ப் பட்டிக்கும் இடையிலான வேறுபாடு அளவைப் பற்றியது மட்டும் அன்று என்பதற்கு இது துணைநிற்கும் சான்று.

கன்னடத்தில் மொழிமுதல் பகரம் ஹகரமாகத் திரிதலால், 'பட்டி' அங்கு 'ஹட்டி' ஆயிற்று. நீலகிரியில் படகர் தம் ஊரை ஹட்டி என்றே வழங்குகின்றனர். அம்மலையிலேயே தோடர் வாழிடத்தைப் பிறர் 'மந்து' என்பர். இச்சொல்லைத் தமிழின் மன்று, மந்தை ஆகியவற்றோடு இணைத்துக் காண்பது பொருத்தமாகும். கோவை மலையடிவாரத்தில் இருளர் குடியிருப்புகள் 'பதி' என முடிகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் சாத்தக்கோன்வலசை போன்று 'வலசை' என முடியும் ஊர்கள், இடம்பெயர்ந்து வந்தோர் நிலைகொண்டதைப் பெயரிலேயே பதிந்து வைத்துள்ளன.

இப்பெயர்கள் எவற்றிலும் 'சிறு', 'புறம்', 'உள்' என்னும் ஒப்பீடு இல்லை. வேறோர் ஊரை மையமாக வைத்துத் தம் இருப்பிடத்தை அளக்கும் தேவை இப்பெயர்களை இட்டோர்க்கு எழவில்லை. ஒப்பீடு வெளியிலிருந்து வந்தது. 'பட்டிக்காடு', 'பட்டிக்காட்டான்' என்னும் சொற்கள் நாகரிகக் குறைவைக் குறிக்கும் வசையாக மாறியமை இதற்குச் சான்று.

உட்கிடையும் மஜராவும்: வருவாய்க் கிராமத்தின் தோற்றம்

இசுலாமிய ஆட்சிகளின் வருவாய் நிர்வாக வழியே 'கஸ்பா', 'மஜரா' என்னும் அரபுமூலச் சொற்கள் தமிழ் ஆவணங்களில் புகுந்தன. கஸ்பா தலைமை ஊரையும், மஜரா அதனைச் சார்ந்த குடியிருப்பையும் குறித்தன. மஜரா என்பதன் மூலச்சொல் விதைக்கப்பட்ட நிலத்தைச் சுட்டுவது. மக்கள் வாழும் இடத்துக்கு விளைநிலத்தின் பெயரே ஆவணப் பெயரானது, கணக்கரின் நோக்கு எதன்மேல் இருந்தது என்பதை உணர்த்தும்.

ஆங்கிலேய ஆட்சியில் இரயத்துவாரி முறையும், 1858இல் தொடங்கிய முறையான நிலஅளவை, நிலவரித் திட்டப் பணிகளும் 'வருவாய்க் கிராமம்' என்னும் அலகை உறுதிப்படுத்தின. கிராமத்துக்கு எண் உண்டு, வரைபடம் உண்டு, கர்ணமும் மணியக்காரரும் உண்டு. அதற்குள் அடங்கிய குடியிருப்புகள் 'உட்கிடை' ஆயின. தலைமைக் குடியிருப்பு 'தாய்க்கிராமம்' எனப்பட்டது. உட்கிடைக்குத் தனி எண் இல்லை. அதன் நிலம் தாய்க்கிராமத்தின் புல எண்களால் அறியப்பட்டது. தாயூர்ப் பெயரைச் சொல்லித் தன் இடத்தை அடையாளம் காட்டிய பிடாகையின் நிலை, அச்சிட்ட பதிவேட்டில் மீண்டும் தோன்றியது எனலாம்.

நத்தத்தின் பாகுபாடும் பதிவேட்டில் தொடர்ந்தது. 'கிராம நத்தம்', 'சேரி நத்தம்' என இரண்டு தலைப்புகள் அமைந்தன. இதன் விளைவை அரசின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களுள் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் குறிப்பிடத்தக்கவர். 1891இல் அவர் அளித்த அறிக்கை, சேரிமக்கள் குடியிருந்த மனைகள் மீதே மிராசுதாரர் உரிமை கொண்டாடியதையும், வீட்டைவிட்டு வெளியேற்றும் அச்சம் அம்மக்களின் உழைப்பைக் கட்டிவைக்கும் கருவியானதையும் வெளிப்படுத்தியது. பஞ்சமி நிலம் எனப் பின்னர் அறியப்பட்ட நிலஒதுக்கீட்டுக்கான 1892ஆம் ஆண்டு அரசாணை இவ்வறிக்கையின் தொடர்ச்சியாகும். சேரி என்னும் பெயர்க்குள் மனையுரிமை இன்மையும் அடங்கியிருந்தது என்பதனை இவ்வறிக்கை மெய்ப்பிக்கிறது.

மலைப்பகுதிகளில் நிலைமை வேறு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்துக்குப் பின், காப்புக்காட்டுக்குள் அகப்பட்ட குடியிருப்புகள் உட்கிடை என்னும் தகுதியையும் பெறவில்லை. வருவாய்க் கணக்கில் அவை எந்தத் தாய்க்கிராமத்துக்கும் சேய் அல்ல. 2006ஆம் ஆண்டின் வனஉரிமைச் சட்டம், வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவை செய்யப்படாத கிராமங்கள் ஆகியவற்றை வருவாய்க் கிராமங்களாக மாற்றும் உரிமையை ஏற்றுள்ளது. பிடாகையும் உட்கிடையும் கணக்குக்குள் அடங்கியதால் குரல் இழந்தன. வனக் குடியிருப்புகள் கணக்குக்குள் வராததால் நிலஉரிமை இழந்தன. இரண்டும் இழப்பே ஆயினும் அவற்றின் தீர்வு ஒன்றாதல் இயலாது.

குக்கிராமமும் காலனியும்

20ஆம் நூற்றாண்டில் இரண்டு சொற்கள் பரவலாயின. அவற்றுள் ஒன்று 'குக்கிராமம்'. இது வடமொழிச் சொல். 'கு' என்னும் முன்னொட்டு சிறுமையையும் இழிவையும் ஒருங்கே குறிக்கும். வடமொழி அகராதிகள் இச்சொல்லுக்கு, அரசனும் வேள்வி செய்வோனும் மருத்துவனும் ஆறும் இல்லாத அற்ப ஊர் என விளக்கம் தருகின்றன. ஓர் ஊர் எதனைக் கொண்டிருக்கிறது என்பதால் அன்றி, எவை அங்கில்லை என்பதால் வரையறுக்கப்படுகிறது. அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் இச்சொல் இன்று இழிவுக்குறிப்பின்றி வழங்கினும், மருத்துவமனையும் பேருந்தும் இல்லாத ஊர் என்னும் இன்மைப் பொருள் நீங்கவில்லை.

மற்றொன்று 'காலனி'. 1919ஆம் ஆண்டுக்குப் பின் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனைகள் பெற்றுத்தரும் பணி நடைபெற்றது. விடுதலைக்குப் பின் நலத்துறைகள் வழியே மனைகளும் தொகுப்பு வீடுகளும் அளிக்கப்பட்டன. அவ்வாறு அமைந்த புதுக்குடியிருப்புகள் காலனி எனப்பட்டன. மிராசுதாரர் உரிமை கொண்டாட இயலாத மனை என்னும் வகையில் இது சேரியிலிருந்து பெற்ற விடுதலை. பெயரும் அவ்விடுதலையின் அடையாளமாகவே தொடங்கியது. ஆனால் மனைக்கென வாங்கப்பட்ட நிலம் பெரும்பாலும் ஊரிலிருந்து விலகியே அமைந்தது. ஓரிரு தலைமுறைக்குள் 'காலனி' என்னும் சொல், 'சேரி' தாங்கிய பொருளைத் தாங்கியது.

நகரங்களில் இச்சொல்லின் நிலை வேறு. இரயில்வே காலனி, ஆசிரியர் காலனி என நடுத்தர மக்கள் வாழும் பகுதிகள் அப்பெயரைப் பெருமையோடு தாங்குகின்றன. நகரத்தில் மதிப்பும் ஊரகத்தில் விலக்கும் ஒரே சொல்லில் தங்கும் இந்நிலை, உத்திரமேரூர்ச் சேரியும் இராசராசன் கல்வெட்டுச் சேரியும் காட்டிய இருநிலையை ஒத்தது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு சொற்கள் ஒரே வழியில் நடந்துள்ளன. மாறாதிருந்தது ஊர்க்கும் அதற்கும் இடையிலான நிலஇடைவெளி. ஊர், சேரி என்னும் பிரிவைக் கட்டட அமைப்பிலேயே நீக்க முயன்ற சமத்துவபுரத் திட்டம் 1997இல் அறிவிக்கப்பட்டு, முதல் குடியிருப்பு மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் திறக்கப்பட்டது. 100 வீடுகள் பல்வேறு பிரிவினர்க்கும் கலந்து ஒதுக்கப்பட்டன. பெயரோடு இடைவெளியையும் கருதிய முயற்சி என்ற வகையில் அது இவ்வரலாற்றில் தனியிடம் பெறும்.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில், 'காலனி' என்னும் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக் குறியீடாகவும் மாறியிருப்பதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் நீக்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். முகவரி எழுதும்போதே சாதி வெளிப்படும் நிலையை மாற்றும் இவ்வறிவிப்பு தேவையானது. மாணவர்க்கும் வேலை தேடுவோர்க்கும் அதன் பயன் உடனடியானது. அதே வேளையில், சேரிக்கு மாற்றாக வந்த சொல்லே நீக்கத்துக்கு உரியதாயிற்று என்னும் வரலாறு, மூன்றாவதாக வரும் சொல்லுக்கும் எச்சரிக்கையாகும்.

எண்ணும் அலகு: கிராமமா, குடியிருப்பா

பெயர் மாற்றத்தைவிட அமைதியாக நிகழ்ந்த மற்றொரு மாற்றம், கணக்கிடும் அலகைப் பற்றியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தையே ஊரகத்தின் அடிப்படை அலகாகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் அவ்வகைக் கிராமங்கள் ஏறத்தாழ 16,000. ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. மக்கள் உண்மையில் வாழும் குடியிருப்புகளோ 79,000க்கும் மேற்பட்டவை. இவ்வெண்களுக்கு இடையிலான வேறுபாடே, கணக்கில் தாயூர்க்குள் மறைந்துள்ள உட்கிடைகளின் பரப்பு. கிராம அளவில் சராசரி காட்டும் புள்ளிவிவரத்தில் தாயூரின் பள்ளியும் குழாயும் உட்கிடைக்கும் உரியவையாகத் தோன்றும்.

2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஓர் ஊராட்சிக்கு 20 இலட்சம் ரூபாய் என வகுத்தது. ஐந்து குடியிருப்புகளைக் கொண்ட ஊராட்சிக்கும், பல பத்துக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலை ஊராட்சிக்கும் ஒரே தொகை கிடைத்தது. நீலகிரி போன்று குறைந்த ஊராட்சிகளும் மிகுந்த குடியிருப்புகளும் உள்ள மாவட்டங்களில் இதன் குறை தெளிவாகப் புலப்படும். 2011இல் வந்த தமிழக ஊரகக் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம், ஊராட்சியை விடுத்துக் குடியிருப்பின் எண்ணிக்கையை நிதிப் பகிர்வின் அடிப்படையாகக் கொண்டது. அத்திட்டத்தின் சுருக்கப்பெயர் 'தாய்' என அமைந்தது. தாய்க்கிராமத்துக்கு மட்டும் உரியதாக இருந்த சொல், சேய்க்குடியிருப்புகளை எண்ணும் திட்டத்துக்குப் பெயரானது.

ஒன்றிய அரசு 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும் குடியிருப்பையே அலகாகக் கொண்டது. எனினும் சமவெளியில் 500 பேரும், மலை மாநிலங்கள், பழங்குடிப் பகுதிகள் முதலியவற்றில் 250 பேரும் என்னும் வரம்பை அது விதித்தது. வரம்புக்குக் கீழ்ப்பட்ட குடியிருப்பு, சாலைக் கணக்கில் இல்லாததாகும். சங்கப் பாடலில் 'சிறு' என்னும் அடை பெற்ற ஊர், அவ்வடையோடு ஊராகவே நின்றது. இன்றைய திட்டக் கணக்கில் சிறுமை ஓர் எண்ணாகி, அவ்வெண்ணே தகுதியை வகுக்கிறது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

கிளைக்குடியிருப்பைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் இடத்தொலைவை நேராக அளப்பவை அல்ல. பிடாகை, உட்கிடை, மஜரா ஆகிய கணக்குச் சொற்கள் தொலைவில் உள்ளதை உள்ளடக்கின. புறம், சேரி, காலனி ஆகிய வழக்குச் சொற்கள் அருகில் உள்ளதை விலக்கின. பட்டி, வலசை, பதி ஆகிய வாழ்வோர் பெயர்கள் இவ்விரண்டையும் செய்யவில்லை.

விலக்கும் சொற்கள் பிறக்கும்போதே இழிவுப் பொருளோடு பிறக்கவில்லை. சேரியும் காலனியும் சேர்ந்து வாழ்தலையும் குடியேறுதலையும் குறித்த சொற்களே. குடியிருப்பின் நிலஇடைவெளியும் மனையுரிமை இன்மையும் நீடித்தவிடத்து அச்சொற்கள் இழிவைத் தாங்கின. ஆதலின் பெயர் நீக்கத்தோடு, புதிய மனைகள் ஊரோடு இணைந்த நிலத்தில் அமைதல் வேண்டும் என்பதும் கொள்கையில் இடம்பெறுதல் தகும்.

உள்ளடக்கும் சொற்களின் குறை வேறு. அவை வரிக்கும் நிலத்துக்கும் இடங்கொடுத்துக் குரலுக்கு இடங்கொடாதவை. கணக்கெடுப்பின் அலகு கிராமத்திலிருந்து குடியிருப்புக்கு இறங்கியபோதே இக்குறை ஓரளவு நீங்கத் தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிப் பதிவும், மக்கள்தொகைக் கணக்கில் தனி எண்ணும் அமையும்போது அம்மாற்றம் முழுமை பெறும்.

ஊர்ப்பெயர் ஆய்வு தனிப்பெயர்களின் பொருளை விளக்குவதோடு அமையாது, பெரிதையும் சிறிதையும் வகுத்த பொதுச்சொற்களின் ஆவணப் பயணத்தையும் வட்டார வாரியாக ஆராய்தல் வேண்டும். கல்வெட்டின் பிடாகை எது இன்றைய உட்கிடை, எது தனி ஊராட்சி என ஒப்பிட்டு அறியும் கள ஆய்வுகள், சிற்றூர்களின் வரலாற்றைத் தாயூரின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதத் துணைபுரியும்.